இடது கைக்கு ஒரு கவ்வாத்துக் கத்தி: டிக்கோயாவிலிருந்து கந்தப்பளைக்கு

மலைநாட்டில் நடக்க வருகிற பிள்ளைகள் என்ன பை வாங்கலாம், என்ன கத்தி வாங்கலாம், மழைக்கு எது தாங்கும் என்று இந்தப் பக்கத்துக்கு எழுதிக் கேட்கிறார்கள். கடைகளில் இப்போது என்ன விற்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு சாமான் தாங்குமா தாங்காதா என்று பார்க்கத் தெரியும். அதை நான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு பயணத்தில். 1961ஆம் வருஷம் ஆனி மாதக் கடைசியில், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து நானும் என் மாமியாரும் கந்தப்பளைக்குப் போய் வந்தோம். போக ஒரு நாள், அங்கே ஒரு நாள், திரும்ப ஒரு நாள். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. மூன்றாம் வகுப்போடு நின்றவள். மைல்கல் படிக்கவும் டிக்கட் விலை பார்க்கவும் அது போதுமாக இருந்தது. தோட்டத்தின் பெயரை எழுத மாட்டேன். அங்கே இருந்த கணக்கப்பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்.

நாங்கள் போனது ஒரு கவ்வாத்துக் கத்திக்காக. தேயிலைச் செடியைச் சில வருஷங்களுக்கு ஒரு முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். அதுதான் கவ்வாத்து. ஆண்கள் செய்கிற வேலை. வளைந்த கத்தியால் ஒரே இழுப்பில், சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டு வழவழப்பாக இருந்தால் மழைத் தண்ணீர் வழிந்துவிடும். நார் உரிந்தோ பிளந்தோ போனால் தண்ணீர் உள்ளே இறங்கிக் கட்டை அழுகும். என் வீட்டுக்காரர் மாரிமுத்து (எழுதுவதற்கு என்ன, வாயால் சொல்லத்தான் இன்னும் கூச்சம்) எங்கள் டிவிஷனிலேயே நல்ல வெட்டுக்காரர். ஆனால் இடது கைக்காரர்.

கவ்வாத்துக் கத்திக்கு ஒரு பக்கம்தான் சாணை. ஒரு முகம் சப்பையாக இருக்கும், மறு முகம் சரிவாக இருக்கும். வலது கைக்குச் செய்த கத்தியை இடது கையில் பிடித்தால் சப்பை முகம் இருக்க வேண்டிய இடத்தில் சரிவு வந்து கட்டையைத் தள்ளிக் கிழிக்கும். அவரிடம் இருந்த பழைய கத்தி பல வருஷம் தீட்டித் தீட்டி இரண்டு பக்கமும் தேய்ந்தது. எந்தக் கைக்கும் வந்தது. முந்திய வருஷம் அது கைப்பிடியோடு முறிந்தது. ஸ்டோரில் கொடுத்த புதுக் கத்தி கட்டையைப் பிளந்தது. அதன் சாணையை மாற்றலாம் என்று பார்த்தால், தோட்டத்துச் சாமானில் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

வேலையை மேற்பார்க்க அந்த வருஷம் புதிதாக வந்த கணக்கப்பிள்ளை பிளந்த கட்டைகளைப் பார்த்துவிட்டு, மலையில் அத்தனை பேர் முன்னால் கத்தினார்: “பீச்சாங்கையால வெட்டுனா செடி எப்புடிடா தழைக்கும்? சோத்துக் கையில புடி. முடியலன்னா அடுத்த கவ்வாத்துக்கு ஒம் பேரு இல்ல. கான் வெட்டப் போ.” கான் என்றால் மலையில் மழைத் தண்ணீர் வடியும் வாய்க்கால்.

இவர் எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. வலது கையில் பிடித்தார். மூன்றாவது செடியில் கத்தி வழுக்கி முழங்காலுக்குக் கீழே இறங்கியது. டிஸ்பென்சரியில் ஐந்து தையல். காயம் ஆறி முடியும்போது அடுத்த மலைக்கு நாள் குறித்துவிட்டார்கள்: வருகிற திங்கட்கிழமை. அதற்குள் இடது கைக்கு ஒரு கத்தி கிடைக்காவிட்டால் மறுபடியும் வலது கையில்தான் பிடிப்பார். 

கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மாமியாரின் ஒன்றுவிட்ட தங்கை இருந்தார். அங்கே பசாருக்குப் பின்னால் ஓர் ஆசாரி, கை அளவைக் கொடுத்தால் அந்தக் கைக்கென்றே கத்தி அடித்துத் தருவார் என்று அந்தத் தங்கை சொல்லியனுப்பியிருந்தார். அதனால் ஒரு மத்தியானம் கோதுமைமா மூட்டைத் துணியில் ஒரு துண்டைக் கிழித்து விரித்து, கரித்துண்டை எடுத்துக்கொண்டு, என் வீட்டுக்காரரிடம் “கைய வைங்க” என்றேன். அவர் வலது கையை வைத்தார்.

“அதில்லங்க. மத்தது.”

“ஓ” என்று சிரித்துவிட்டு மாற்றி வைத்தார். யார் கேட்டாலும் வலது கையை நீட்டுவது அவருக்கு அவ்வளவு பழகிப் போயிருந்தது. இடது கைச் சுண்டுவிரல் உள்ளே கொஞ்சம் வளைந்திருக்கும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன். அந்த வளைவையும் விடாமல் கரியால் கோடு இழுத்தேன்.

இனி, என்னென்ன கொண்டுபோனோம் என்று சொல்கிறேன். ஆளுக்கு ஒரு கறுப்புக் கம்பளி. என்னுடையது கல்யாணத்துக்குப் பிறகு ஊர்சுற்றி வியாபாரி ஒருவரிடம் வாங்கியது, மெத்தென்று அழகாக இருக்கும். அத்தையுடையது பத்து வருஷம் பழையது, சொரசொரவென்று ஆட்டு வாடை அடிக்கும். முதல் ஒரு மணி நேர மழையில் என்னுடையது ஈரம் குடித்துக் கழுத்தை இழுத்தது. அத்தையுடையதில் தண்ணீர் முத்து முத்தாக நின்று உருண்டது. கம்பளி வாங்கும்போது மென்மையைப் பார்க்காதீர்கள். கையளவு தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். உருண்டால் வாங்குங்கள், ஊறினால் வைத்துவிடுங்கள். வாடை அடித்தால் இன்னும் நல்லது.

சேலை நனையாமல் இடுப்பைச் சுற்றிக் கட்ட ஒரு படங்குச் சாக்கு. தேங்காய் ரொட்டி எட்டு, தொட்டுக்கொள்ளக் கட்டசம்பல் ஒரு டப்பாவில். தீப்பெட்டியைத் தகரச் சிமிழில் வைத்து, மூடியின் விளிம்பில் மெழுகுதிரியைத் தேய்த்திருந்தேன். மூன்று நாளும் ஒரு குச்சிகூட நமுக்கவில்லை. காலில் ஏறும் அட்டைக்கு ஒரு முழக் குச்சியின் நுனியில் உப்பு முடிந்த துணி. அத்தையின் சுருக்குப்பையில் ஊசி, நூல், வெற்றிலை, பாக்குவெட்டி. அந்தப் பாக்குவெட்டிதான் எங்கள் இருவரிடமும் இருந்த சாமான்களில் கெட்டிக்காரச் சாமான். கயிறு அறுத்தது, முள் எடுத்தது, ரொட்டி கட்டிய நாரைப் பிரித்தது. ரயிலில் ஜன்னல் பலகை நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தபோது சந்தில் சொருகியதும் அதைத்தான்.

கடைசியாக ஒரு டோர்ச் லைட். முதல் நாள் அட்டன் கடையொன்றில் நாலரை ரூபாய்க்கு நானே ஆசைப்பட்டு வாங்கினேன். தங்கப் பல் வைத்த கடைக்காரர், “பத்து வருஷத்துக்கு அசையாதும்மா” என்றார். வெள்ளிக்கிழமை காலை ஐந்தேகாலுக்கு எங்கள் லயத்து வீட்டிலிருந்து இறங்கினோம். ஓடைப் பாலம் வருவதற்குள் அது அணைந்துவிட்டது. தட்டினேன், உதறினேன், உள்ளே இருந்து தண்ணீர் கொட்டியது.

“பத்து வருசமா?” என்றார் அத்தை. “பத்துத் தப்படி நடக்கலியே. கடைக்காரன் பல்ல வித்திருந்தாகூட இத விட வெளிச்சமா இருந்திருக்கும்.”

அந்தத் தங்கப் பல்லை நான் இன்னும் மறக்கவில்லை. டோர்ச் வாங்கினால் மூடியும் உடம்பும் சேரும் இடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். கழற்றிக் காட்ட மாட்டேன் என்கிற கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

தோட்டத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இரண்டு மைல் இறக்கம். பாதி வழியில் விடிந்துவிட்டது. அட்டை ஏழு எனக்கு, இரண்டு அத்தைக்கு. “இளரத்தம், ருசிக்குது” என்றார். ரோட்டில் ஆறே முக்காலுக்குப் பஸ், அட்டனுக்கு ஆளுக்கு இருபது சதம். காலை ரயில் ஒன்பதுக்கு என்றார்கள், பத்தேகாலுக்கு வந்தது. மூன்றாம் வகுப்பு, நானுஓயாவுக்கு ஆளுக்குத் தொண்ணூறு சதம். தூரம் இருபது மைலுக்குக் கொஞ்சம் மேலே, ஒன்றேமுக்கால் மணி நேரம். சிங்கமலைச் சுரங்கத்தில் புகை உள்ளே வரும். நீங்கள் போகும்போது புகை இருக்காது, நாங்கள் இருமியது உங்களுக்கும் சேர்த்து.

தலவாக்கலை தாண்டியதும் அத்தை என் பக்கம் குனிந்தார். எதிரே யாரும் கேட்கவில்லை என்று பார்த்துக்கொண்டார்.

“ஏ புள்ள. அங்க போயி பீச்சாங்கை அது இதுன்னு வாயத் தொறந்துறாத.”

“ஏங்கத்தே?”

“எந் தங்கச்சி அந்த ஊருல இருக்கா. நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. பொண்ணு குடுத்த வீட்டுக்கே நான் சொல்லல.”

பொண்ணு கொடுத்த வீடு என்றால் நான் பிறந்த வீடு. கல்யாணத்தில் தாலி கட்டி முடியும்வரை என் வீட்டுக்காரர் வலது கையையே பயன்படுத்தியதும், மறுநாள் விறகு பிளந்தபோது நான் திகைத்து நின்றதும் நினைவுக்கு வந்தன. அப்போது அத்தை மேல் வந்த கோபம் அதுவரை முழுதாகப் போயிருக்கவில்லை.

“சொல்லாம எப்புடிங்க செய்வாரு?”

“அளவு இருக்குல்ல. கையப் பாத்தா தெரியாதா எந்தக் கைன்னு? அது பேசும்.”

அதுவும் சரிதான் என்று எனக்குப் பட்டது. பெருவிரல் எந்தப் பக்கம் என்று பார்த்தால் எந்தக் கை என்று தெரிந்துவிடுமே. தலையாட்டினேன்.

நானுஓயாவில் இறங்கியபோதும் மழைதான். நுவரெலியாவுக்கு ஐந்தரை மைல், பஸ்ஸில் இருபத்தைந்து சதம். அங்கே மாறி கந்தப்பளைக்கு ஏழு மைல், முப்பத்தைந்து சதம். கண்டக்டர் சிங்களவர். “அம்மே, கொஹேத யன்னே?” என்று போகிற இடம் கேட்டார். அத்தை இரண்டு விரலைக் காட்டி, “கந்தபொல. தென்னெக்” என்றார். சீட்டெல்லாம் எங்கள் கம்பளித் தண்ணீர். அவர் தமிழுக்கு மாறினார்: “ஆச்சி, வெளியே பிழிஞ்சிட்டு ஏறணும்.”

“மழைய நிறுத்தச் சொல்லு தம்பி, நான் பிழியிறேன்.”

டிரைவர் சிரித்தார். கண்டக்டரும் சிரித்துவிட்டு, எங்கள் கம்பளிகளை வாங்கி இஞ்சின் மூடியின்மேல் விரித்துவைத்தார். இறங்கும்போது சூடாக எடுத்துக் கொடுத்தார். அவர் முகமும் எனக்கு மறக்கவில்லை. கெட்டதை மட்டும் நினைவில் வைக்கிறவள் என்று என் வீட்டில் சொல்வார்கள்; அது பொய்.

ஒரு விஷயம் கவனியுங்கள். ஆனி, ஆடியில் டிக்கோயாப் பக்கம் மழை விடாது பெய்யும்போது கந்தப்பளைப் பக்கம் வெறும் காற்றுதான். ஆளைத் தள்ளும் காற்று. இரண்டுக்கும் சேர்த்து உடுப்பு எடுத்துப் போங்கள்.

ஆசாரியின் கொட்டகைக்குப் போனபோது மணி இரண்டரை. பசாருக்குப் பின்னால் கால் மைல். ஐம்பது வயதிருக்கும், மீசையில் பாதி நரை, நெஞ்சில் நெருப்புப் பொறி பட்ட புள்ளிகள். அத்தை துணியை நீட்டினார். மழையில் நனைந்து கரி இரண்டு பக்கமும் ஊறியிருந்தது. ஆசாரி அதை உதறி, உலைக்குப் பக்கத்தில் காயப்போட்டு, எடுத்து விரித்தார்.

“யாருக்கு?”

“எம் மவனுக்குங்க. இந்தக் கைக்கு ஒத்த மாதிரி வேணும்.”

அவர் தன் வலது கையை அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்தார். “என் கைய விட ஒரு விரக்கடை பெருசு” என்றார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு உறைக்கவில்லை.

கத்தி எப்படிப் பார்த்து வாங்குவது என்று அவர் அன்று சொன்னதை அப்படியே சொல்கிறேன். மூலையில் லொறியின் ஸ்பிரிங் பட்டைகள் அடுக்கியிருந்தன. “இது பாரத்துல வளைஞ்சு வளைஞ்சு நிமிந்த இரும்பு. புது இரும்பு கோவத்துல ஒடியும். இது ஒடியாது” என்றார். கைப்பிடிக்குக் கொய்யாக் கட்டை. கைப்பிடிக்குள் போகும் வால் அரக்கு ஊற்றி நிறுத்தினது என்றால் வாங்காதே, மறுபக்கம் வெளியே வந்து மடங்கியிருக்க வேண்டும் என்றார். எங்கள் பழைய கத்தி முறிந்த இடம் அதுதான். கத்தியைத் தொங்கவிட்டு நகத்தால் சுண்ட வேண்டும். மணி மாதிரி இழுத்துச் சத்தம் வந்தால் நல்லது, டக்கென்று நின்றால் உள்ளே வெடிப்பு. விலை ஆறு ரூபாய். நாளைக்குப் பத்து மணிக்கு வா என்றார். இரவு அத்தையின் தங்கை வீட்டில் தங்கினோம்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் போனபோது கொட்டகையில் மூன்று ஆண்கள் இருந்தார்கள், கோடரியும் மண்வெட்டியும் வாங்க வந்தவர்கள். ஆசாரி கத்தியை எடுத்துக் கொடுத்தார். அழகான கத்தி. தொங்கவிட்டுச் சுண்டினேன், இழுத்துப் பாடியது. வால் மறுபக்கம் வந்து நன்றாக மடங்கியிருந்தது. வாசலில் கிடந்த கொய்யாக் கிளையை எடுத்து, அவர் பிடிப்பதுபோல இடது கையில் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன்.

பட்டை உரிந்து தொங்கியது.

மறுபடி இழுத்தேன். கிளை பிளந்தது. கத்தியைத் திருப்பிப் பார்த்தேன். சரிவு இருந்தது ஸ்டோர்க் கத்தியில் இருந்த அதே பக்கம். அப்போதுதான் துணி நினைவுக்கு வந்தது. மெல்லிய துணி, இரண்டு பக்கமும் கரி. ஒரு பக்கம் பார்த்தால் இடது கை, புரட்டினால் வலது கை. நாங்கள் பேசவிட்ட அளவு அவரிடம் மாற்றிப் பேசியிருந்தது.

“என்ன புள்ள, தடவுற?” என்று ஆசாரி வாங்கி, வலது கையால் ஒரு வெட்டு வெட்டினார். வெண்ணெய் மாதிரி இருந்தது வெட்டு. “பாத்தியா? இதுக்கு என்ன கொற?”

மூவரில் ஒருவன், நீலக் கட்டம் போட்ட சாரம் உடுத்தவன், சட்டையில் மேல் பொத்தான் இல்லை, “பீச்சாங்கையால வெட்டிப் பாக்குது பாருங்க. அந்தக் கையால வெட்டுறதுக்கு மனுசனா இருக்கான்?” என்று சொல்லிச் சிரித்தான். மற்ற இருவரும் சிரித்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. அத்தை சொல்லாதே என்று சொன்னதால் மட்டும் இல்லை. எனக்கே கூச்சமாக இருந்தது. அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். வேறு யார் மேலும் வைத்திருக்கிற கோபத்தைவிட, அந்த ஒரு நிமிஷத்துக்காக என் மேல் வைத்திருக்கிற கோபம் பெரிது.

அந்தக் கத்தியை வாங்கிக்கொண்டு திரும்பியிருப்போம். திங்கட்கிழமை அவர் அதை வலது கையில் பிடித்திருப்பார்.

அத்தை என் கையைப் பார்த்தார், பிளந்த கிளையைப் பார்த்தார். சுருக்குப்பையை இடுப்பில் இறுக்கிச் செருகினார்.

“இருக்கான்” என்றார்.

“என்ன ஆத்தா?” என்றார் ஆசாரி.

“அந்தக் கையால வெட்டுற மனுசன் இருக்கான். எம் மவன். அவன் பொறந்ததுலருந்து பீச்சாங்கைதான். எங்க டிவிசன்ல அவன மாதிரி வெட்டுறதுக்கு ஆளில்ல.” நீலச் சாரக்காரன் பக்கம் திரும்பினார். “சிரிக்கிறதுன்னா இப்ப சிரிச்சுக்க தம்பி. நான் நிக்கிறேன்.”

அவன் ஒரு மண்வெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தான்.

“நேத்தே சொல்லியிருந்தா ஒரே வேலையாப் போயிருக்கும்ல?” என்றார் ஆசாரி.

“சொல்ல வாய் வரல சாமி. நாலு வயசுல அந்தக் கைய இடுப்போட சேத்துக் கட்டிப் போட்டவ நான். சோறு திங்கிறப்ப ஒரு வருசம் கட்டுனேன். முடிச்சுக்குள்ள வெரல விட்டு இழுத்து இழுத்து, சுண்டுவெரலு அப்புடியே வளைஞ்சு நின்னுருச்சு. அவன் இன்னைக்கி வரைக்கும் என்னைய ஒரு வார்த்த கேட்டதில்ல.” துணியை எடுத்து, நான் இழுத்த கோட்டில் அந்த வளைவைத் தொட்டுக் காட்டினார். “இந்தா. இது என் வேல.”

எனக்கு அதுவரை தெரியாது. அவரோடு இரண்டு வருஷம் குடும்பம் நடத்தியும் தெரியாது.

ஆசாரி துணியை வாங்கிப் பார்த்தார். பிறகு மூலைக்குப் போய் ஒரு பட்டையைத் தேர்ந்து, உலையில் செருகினார். “இதுலயே சாணைய மாத்தலாம். ஆனா அலகு ஒடுங்கிப் போகும், ரெண்டு வருசம்கூட வராது. புதுசா அடிக்கிறேன். துருத்தி ஊதுறவன் இன்னைக்கிக் கல்யாண வீட்டுக்குப் போயிட்டான். ஊதத் தெரியுமா?”

“அடுப்பு ஊதுனவதான்” என்று அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துருத்தியின் முன்னால் உட்கார்ந்தார்.

பதினொரு மணியிலிருந்து நாலு மணிவரை நாங்கள் இருவரும் மாறி மாறித் துருத்தி இழுத்தோம். ஆசாரி எங்களை வேலைக்காரர்களைப் போலத்தான் விரட்டினார். “மெல்ல ஆத்தா, இரும்பு கருகும்.” “இழு புள்ள, தூங்குறியா?” முதல் கத்தியைக் கோடரி வாங்க வந்தவர்களில் ஒருவர், நீலச் சாரக்காரன் இல்லை, ஆறு ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டார். இரண்டாவது கத்தி ஆறியதும் ஆசாரி என்னிடம் கொடுக்காமல் அத்தையிடம் கொடுத்தார். அத்தை அதை இடது கையில் வாங்கினார். அந்தக் கையால் அவர் எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை. ஒரு இழுப்பு இழுத்தார். கொய்யாக் கிளை சத்தமே இல்லாமல் விழுந்தது. வெட்டின இடத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பினோம். வந்த வழியேதான், அதே கட்டணம். கத்தியைத் தேங்காய் எண்ணெய் தடவிய துணியில் சுற்றி, அத்தையின் கம்பளிக்குள் வைத்துக் கொண்டுவந்தோம். என் கம்பளியை நம்பவில்லை. லயத்துக்கு வந்தபோது பிற்பகல் நாலரை. அத்தை அவரிடம் கத்தியை நீட்டி, “புடிச்சுப் பாரு” என்றார். வழக்கம்போல வலது கையை நீட்டப் போனவர், கத்தியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, இடது கையால் வாங்கினார். விரல்களை மடக்கினார். கைப்பிடியில் சுண்டுவிரல் வளைவுக்கென்று ஆசாரி ஒரு சின்னப் பள்ளம் இழைத்திருந்தார். எங்களிடம் அவர் அதைச் சொல்லவே இல்லை. இவர் விரல்தான் அதைக் கண்டுபிடித்தது.

திங்கட்கிழமை காலை மலையோரத்தில் கவ்வாத்துசாமிக்குப் பூசை. மரத்தடியில் ஒரு கல், அதன் முன்னால் அத்தனை பேரின் கத்தியும் வரிசையாக வைத்து, தேங்காய் உடைத்துச் சூடம் காட்டி, அவரவர் கத்தியை அவரவர் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். நான் மேல் ரோட்டில் கொழுந்துக் கூடையோடு நின்று பார்த்தேன். அவர் குனிந்து இடது கையால் எடுத்தார். முதல் செடியை வெட்டினார். கணக்கப்பிள்ளை வந்து குனிந்து, வெட்டின கட்டை ஒவ்வொன்றையும் விரலால் தடவினார். இரண்டாவது செடி. மூன்றாவது செடி. பிளவைத் தேடினார், கிடைக்கவில்லை. அடுத்த நிரைக்குப் போய்விட்டார். நன்றாக இருக்கிறது என்று அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகு இருந்த ஆறு வருஷத்திலும் சொல்லவில்லை. நானும் அவருக்கு அதற்குப் பிறகு வணக்கம் சொன்னதில்லை. கணக்கு நேர்.

கவ்வாத்துக்காரர்களுக்கு இரண்டு மணிக்கு வேலை முடியும். நான் மாலையில் வந்தபோது என் வீட்டுக்காரர் தேத்தண்ணி ஊற்றிவைத்திருந்தார். அத்தை வாசலில் உட்கார்ந்திருந்தார். இவர் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனார். அம்மாவுக்கு எதைக் கொடுத்தாலும் கைமாற்றி வலது கையில் வாங்கித்தான் கொடுப்பார். அன்று மாற்ற மறந்துவிட்டார். இடது கை நீண்டுவிட்டது. பாதியில் தெரிந்து அவர் பின்னுக்கு இழுக்கப் பார்த்தார். அத்தை விடவில்லை. கோப்பையோடு சேர்த்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தேத்தண்ணி கொஞ்சம் சிந்தியது. “சூடா இருக்கும்மா” என்றார் அவர். “இருக்கட்டும்” என்றார் அத்தை.

இனி நீங்கள் கேட்டதற்குப் பதில். கந்தப்பளைக்கு ஆடிக்குள் போகிறவர்கள் காற்றுக்குத் தலையில் கட்டத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கோயாப் பக்கம் நடக்கிறவர்கள் உப்புத் துணியை மறக்க வேண்டாம். விற்கிற மருந்து எண்ணெய் எல்லாம் மழையில் கழுவிப் போய்விடுகிறது என்று என் பேரன் சொல்கிறான். பெரிய சாமான் பத்து தூக்குவதைவிட, பத்து வேலைக்கு வருகிற சின்னச் சாமான் ஒன்று இடுப்பில் இருக்கட்டும். எதை வாங்கினாலும் புறப்படுவதற்கு முதல் நாள் வாங்காதீர்கள். ஒரு மழையிலாவது நனைத்துப் பார்த்துவிட்டு நம்புங்கள். கத்தி என்றால் சுண்டிப் பாருங்கள், வாலைப் பாருங்கள், எந்தப் பக்கம் சாணை என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், எந்தக் கைக்கு என்று கடையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்ல வேண்டாம்.

அந்தக் கத்தி இருபத்திரண்டு வருஷம் உழைத்தது. அலகு தேய்ந்து விரல் அகலத்துக்கு வந்துவிட்டது. அவர் போய்விட்டார், அத்தை அவருக்கும் முன்னால் போய்விட்டார். கத்தி இன்னும் என் அடுப்படியில் இருக்கிறது. எப்போதாவது எடுத்து ஒரு சுள்ளி வெட்டிப் பார்ப்பேன். என் வலது கையில் அது பட்டையைத்தான் உரிக்கும். பிடியிலுள்ள பள்ளத்தில் என் சுண்டுவிரல் உட்காருவதில்லை. துடைத்து, எண்ணெய் தடவி, இருந்த இடத்தில் வைத்துவிடுவேன்.